ஏழாம் அறைக்குப் பின்னால் ஓடும் குழாய்

உலகத்தில் இதுவரை இடிந்து விழுந்த கட்டடங்கள் அத்தனையும் டிக்கெட் போடாததால் இடிந்தவை என்பது சந்தோஷ்குமாரின் ஆய்வு முடிவு. கோட்டை, அரண்மனை, பாலம், எதற்கும் விலக்கில்லை.

"சுவத்துல மொத விரிசல் விழுந்த அன்னிக்கே எவனாவது ஒருத்தன் டிக்கெட் போட்டிருந்தா, எந்த ராஜாவும் தோத்திருக்க மாட்டான்" என்று அவன் காலை ஏழே காலுக்கு, பனிமூட்டத்துக்குள், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நின்ற பதினொரு பேரிடம் சொன்னான். ஒருவரும் மறுக்கவில்லை. கொடைக்கானலில் அந்த நேரத்துக்கு மறுக்க வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கும்.

வில்பட்டி ரோட்டில் இருக்கும் பேரிமரம் காட்டேஜஸுக்கு அவன் ஃபெசிலிட்டி மேனேஜர். பதினாறு அறை, ஒரு விறகு பாய்லர், ஒரு தண்ணீர் டேங்க், ஒரு மோட்டார். இந்த வேலை என்ன வேலை என்று கன்னிவாடியில் மாமனார் கேட்டபோது, "ஒரு கட்டடம் இருபத்தி நாலு மணி நேரமும் நல்லா இருக்கானு பாத்துக்குறது" என்று விளக்கியிருந்தான். மாமனார் ஊர் முழுக்க, மாப்பிள்ளை வாட்ச்மேனாக இருக்கிறார், நேர்மையான வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

வந்த மறுநாளே அவன் ஒவ்வோர் அறைக் கதவிலும் ஒரு சதுர ஸ்டிக்கரை ஒட்டினான். போனைக் காட்டினால் ஆப் திறக்கும். குறையை எழுதினால் ஓர் எண் வரும். அதுதான் டிக்கெட். எண் இல்லாத குறை குறையே இல்லை. வாயால் சொன்னால் காதில் விழாது.

அன்றைக்கு விழுந்தது டிக்கெட் எண் பதினேழு. ஏழாம் அறையில் தங்கியிருந்த திருப்பூர்க்காரர் எழுதியிருந்தார்: "விடியற்காலை ஐந்தரைக்கு என் தலைமாட்டுச் சுவருக்குள் யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள். சற்றுப் பொறுத்து வேறு யாரோ மூன்று முறை பதில் தட்டுகிறார்கள். என் மனைவி ஊருக்குப் போகலாம் என்கிறாள்."

சந்தோஷ்குமார் அதை உரக்கப் படித்துவிட்டு, "யாரு இது?" என்றான்.

"நாந்தான் தொரை" என்றாள் ராக்கம்மா.

ராக்கம்மா பாய்லர் பார்ப்பவள். ஐம்பத்து நாலு வயது. சின்னப் பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இந்த மலையில் குடியேறியவள். மேனேஜரைத் தொரை என்பாள். காலைக் கூட்டத்தைப் பெரட்டு என்பாள். முதல் நாள் தொரை என்று கூப்பிட்டபோது சந்தோஷ்குமார் ஆட்சேபித்தான். இரண்டாம் நாள் ஆட்சேபிக்க மறந்துவிட்டான்.

"எதுக்குத் தட்டுறீங்க?"

"அது... சும்மா ஒரு வெவரத்துக்கு."

"என்ன வெவரம்?"

ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கீழ அவரு இருக்காருல்ல."

அவர் என்பது மாடசாமி. அவள் வீட்டுக்காரர். மலைக்குள்ளேயே கிளாவரை என்ற ஊர்க்காரர். காட்டேஜுக்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினால் ஓர் ஊற்று, அதற்கு ஒரு தொட்டி, பக்கத்தில் தகர ஷெட்டில் மோட்டார். மாடசாமி அந்த ஷெட்டில் இருப்பார். அங்கே எந்த போனுக்கும் சிக்னல் கிடையாது. அங்கிருந்து கிளம்பும் இரும்புக் குழாய் ஏழாம் அறையின் பின்சுவரை ஒட்டி ஏறி, பாய்லர் ஷெட்டைத் தொட்டு, மேலே டேங்குக்குப் போகிறது. மேலே ஸ்பேனரால் தட்டினால் கீழே கேட்கும். கீழே தட்டினால் மேலே கேட்கும். நடுவில் திருப்பூருக்கும் கேட்கும்.

"ராக்கம்மா, இது எந்தக் காலம்? தப்படிச்சு ஆளக் கூப்பிடுற காலமா? ஒலகமே சாட்டிலைட்டுல பேசிக்கிட்டு இருக்கு. நாம குழாய்ல தட்டிக்கிட்டு இருக்கோம்." சொல்லிவிட்டுச் சந்தோஷ்குமார் சிரித்தான். மேனேஜர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். ராக்கம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

"குழாய் தண்ணி போறதுக்கு. பேசுறதுக்கு இல்ல. இன்னியோட தட்டுறது கட்."

டிக்கெட் பதினேழு மூடப்பட்டது. எடுத்துக்கொண்ட நேரம் நாலு நிமிடம்.

அதே வேகத்தில் அவன் படியிறங்கி, மாடசாமியிடம் புது அட்டவணையையும் கொடுத்தான். சீசன் தொடங்கிவிட்டது. காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை மோட்டார் நிற்கவே கூடாது.

மாடசாமி அட்டவணையை வாங்கிக்கொண்டு, குழாயைப் பார்த்தார். "நடுவுல கொஞ்சம் நிப்பாட்டணுமே சார்."

"எதுக்கு?"

"அது ஒரு சோலிங்க."

"சோலியெல்லாம் ஆறு மணிக்கு மேல."

"செரிங்க" என்றார் மாடசாமி. மேற்கொண்டு என்ன சொல்லியிருந்தாலும் மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது.

அன்று ஒரு மணிக்கு, வழக்கம்போல, கன்னிவாடியிலிருந்து மனைவி சுசித்ரா போன் செய்தாள்.

"சாப்டீங்களா?"

சந்தோஷ்குமார் காலையிலிருந்தே சீர்திருத்த மனநிலையில் இருந்தான். "சுசி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நான் இங்க வந்து நாலரை மாசம். நூத்தி முப்பது தடவைக்கு மேல இதே கேள்வி. எல்லாத்துக்கும் ஒரே பதில். மாறாத மீட்டர தெனமும் எதுக்கு ரீடிங் எடுக்கணும்? ஏதாவது மாறுச்சுன்னா நானே சொல்றேன்."

கன்னிவாடியில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"சரி" என்றாள் சுசித்ரா.

மறுநாள் ஒரு மணிக்குப் போன் வரவில்லை. அதை அவன் முன்னேற்றம் என்று கருதினான். அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு மணிக்கு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தான். இருந்தது.

அவளுக்காகத்தான் அவன் இந்த மலையேறியதே. ஆறு மாதத் தகுதிகாண் காலம் மே முப்பத்தொன்றோடு முடிகிறது. முதலாளி சிவராமன் மதுரையிலிருந்து வேலையை உறுதி செய்தால், பேரிமரத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் அவனுக்கு. சுசித்ராவையும் ஒன்றரை வயசுப் பாப்பாவையும் கூட்டிவந்துவிடலாம். சிவராமன் வைத்திருந்தது ஒரே நிபந்தனை. "தண்ணி விசயத்துல ஒரு பேச்சு வரக் கூடாது தம்பி. கொடைக்கானலுக்கு வர்றவன் ஏரியப் பாக்காமக்கூடப் போயிருவான். சுடுதண்ணி இல்லாமப் போக மாட்டான்."

தட்டுவது நின்ற நாலாம் நாள், மூன்றாம் அறைக் குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. டிக்கெட் இருபத்து மூன்று. அறையிலிருந்தவர் டீயும் குழாயிலேயே தருகிறார்கள் போல என்று பாராட்டியும் எழுதியிருந்தார். சந்தோஷ்குமார் டேங்கைக் கழுவச் சொன்னான். டேங்க் சுத்தமாக இருந்தது. கழுவியதில் இருந்த தண்ணீரும் போனதுதான் மிச்சம்.

கீழே போய்ப் பார்த்தான். ஊற்றுத் தொட்டியில் கணுக்கால் அளவு சேறு. மோட்டார் அதையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பதினோரு வருசத்துல இப்பிடி வத்துனதில்ல சார்" என்றார் மாடசாமி. அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது.

"காரணம்?"

"தெரியலைங்களே. போன வருசம் இதவிட வெயிலு."

காரணம் தெரியாதபோது பெரிதாக ஏதாவது வாங்க வேண்டும் என்பது துறையின் மரபு. சந்தோஷ்குமார் மூன்று எச்.பி. மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வத்தலக்குண்டிலிருந்து ஐந்து எச்.பி. மோட்டார் வரவழைத்தான். அது அசகாய மோட்டார். பழைய மோட்டார் நாள் முழுக்க வற்றவைத்த தொட்டியை அது ஒன்றரை மணி நேரத்தில் வற்றவைத்தது. மறுநாள் ஏழாம் அறை ஷவரிலிருந்து ஒரு தலைப்பிரட்டை வந்தது. அறையிலிருந்த பெண்மணி அதைச் சோப்புப் பெட்டியில் விட்டு, படமெடுத்து, டிக்கெட்டில் இணைத்திருந்தார். ஆப்பில் 'குறையின் வகை' என்ற இடத்தில் மின்சாரம், குழாய், மரச்சாமான், இதர என்று நாலுதான் உண்டு. அவர் 'இதர'வைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 'உயிரோடு இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

"சார், இதுக்கு என்ன ரிப்ளை போடட்டும்?" என்று கேட்டாள் ரிசப்ஷன் சுதாராணி.

"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறதுன்னு போடுங்க."

"எது மேல சார், தவளை மேலயா?"

சுதாராணி நாயுடுபுரத்துப் பெண். வேலையில் கெட்டி. அவளிடம் ஒரு குறைதான். தினமும் ஒரு மணிக்குக் கிச்சனிலிருந்து அவனுக்குச் சாப்பாட்டு டப்பா வரும். கொஞ்ச நேரத்தில் ஏதோ பைல் தேடுகிற மாதிரி சுதாராணி வருவாள், டப்பாவை எட்டிப் பார்ப்பாள், போவாள். உடனே ரிசப்ஷனில் லேண்ட்லைன் அடிக்கும். "ஆமாக்கா... பாதிதான்க்கா... கூட்டு அப்படியே கெடக்கு... இல்லக்கா, மோட்டார் டென்ஷன்" என்று மெல்லிய குரலில் பேசுவாள். தன் அக்காவிடம் அலுவலக போனில் ஊர்க்கதை பேசுகிறாள் என்று அவன் சொந்த அழைப்புகளுக்கு ஒரு நோட்டுப் போட்டான். அவள் தவறாமல் எழுதினாள். யாரிடமிருந்து: அக்கா. விவரம்: சாப்பாடு. தினமும் அதேதான். இவ்வளவு சுவாரசியமில்லாத அக்கா தங்கையை அவன் பார்த்ததில்லை.

மாடசாமியிடமும் புதிதாக ஒரு பழக்கம் முளைத்திருந்தது. சும்மா சும்மா படியேறி மேலே வந்தார். ஒருநாள் தீப்பெட்டிக்கு வந்தார். ஒருநாள் உப்புக்கு. ஒருநாள் மறந்துவிட்ட துண்டுக்கு. துண்டு அவர் தோளில் கிடந்தது. வந்து பாய்லர் ஷெட் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். ராக்கம்மா விறகைத் தள்ளிக்கொண்டே, "முட்டிவலிய வச்சிக்கிட்டு ஏன் ஏறுறீக?" என்பாள். "தீப்பெட்டி" என்பார். இறங்கிவிடுவார்.

"ஒரு வாரத்துல ஏழு தடவ மேல வந்திருக்கீங்க" என்றான் சந்தோஷ்குமார். "பீடியும் குடிக்கிறதில்ல. ஒரு மனுசனுக்கு எத்தன தீப்பெட்டி வேணும்?"

"பனி சார். நமுத்துப் போயிருது."

ஆளை நம்பினால்தானே தொல்லை என்று அவன் அடுத்து ஒரு தானியங்கிப் பெட்டியை வாங்கினான். டேங்க் நிறைந்தால் அதுவே மோட்டாரை நிறுத்தும். தொட்டி வற்றினால் நிறுத்தும். நிறுத்தியதும் போனுக்குச் செய்தி அனுப்பும். மேலேயிருந்து சிக்னலைப் பிடிக்க ஊற்றுப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, பெட்டியைக் கம்பத்தில் மாட்டினார்கள். மூன்று நாள் அது கச்சிதமாக வேலை செய்தது. ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு முறை 'தொட்டி வற்றிவிட்டது' என்று செய்தி அனுப்பியது. அவன் அறிந்த விஷயத்தையே அவனுக்கு இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, சோலைக்காட்டிலிருந்து இறங்கிய ஒரு காட்டுமாடு அந்தக் கம்பத்தில் முதுகு சொறிந்தது. காட்டுமாட்டின் முதுகு பெரியது. சொறிய நேரம் எடுக்கும். கம்பம் சாய்ந்தது. பெட்டி, மோட்டாரை இனி எப்போதும் நிறுத்த வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. மாடசாமி அப்போது தீப்பெட்டி வாங்க மேலே வந்திருந்தார். அவர் இறங்கிப் போனபோது ஐந்து எச்.பி. மோட்டார் புகைந்துகொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கரூரிலிருந்து ஓர் அறுபதாம் கல்யாணம். பதினாறு அறையும் அவர்களுக்கு.

சிவராமன் போன் செய்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. "தம்பி, கரூர்க்காரங்க என் சம்பந்தி வகையறா. நாளைக்குத் தண்ணி தெளிவா வரணும். வரலைன்னா, திங்கக்கிழம வெள்ளனே ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. வத்தலக்குண்டுல எறங்கி மாறுனீங்கன்னா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கன்னிவாடி போயிரலாம்."

மனசு கேட்காமல் சந்தோஷ்குமார் சுசித்ராவைக் கூப்பிட்டான். சிக்னல் பேரிமரத்தடியில்தான் நன்றாக இருக்கும். அங்கே நின்றால் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியாகக் காலி அறை தெரியும்.

"குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம் இருக்கு சுசி. பாப்பாவுக்குப் பேரிக்கா மரம் ஒண்ணு வாசல்லயே."

"ம்."

"வேல உறுதியாச்சுன்னா அடுத்த வாரமே வந்துரலாம்."

"வந்து?"

"வந்து... இருக்கலாம்."

"வந்ததுக்கப்புறம் நான் ஏதாச்சும் கேக்கணும்னா டிக்கெட் போடணுமா?"

"சுசி, அது வேற, இது வேற."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே நின்றான். பிறகு ஆபீசுக்கு வந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாதவன் செய்வதைச் செய்தான். பழைய நோட்டுகளைப் புரட்டினான். போன வருசத்து மோட்டார் நோட்டு கிடைத்தது. மாடசாமியின் கையெழுத்து, கோழி கிண்டிய மாதிரி. காலை ஒன்பதரைக்கு நிறுத்தம், பத்தே காலுக்கு ஓட்டம். பன்னிரண்டரைக்கு நிறுத்தம், ஒன்றே காலுக்கு ஓட்டம். மூன்றரைக்கு நிறுத்தம், நாலே காலுக்கு ஓட்டம். தினமும். வருசம் முழுக்க.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மோட்டார் நின்றால் தொட்டி ஊறும். மூன்று வேளை நிறுத்தம், மூன்று வேளை ஊறல். ஊற்று வற்றாததற்கு வேறு காரணமே வேண்டாம்.

"சுதாராணி, முன்னாடி பத்து மணி, ஒரு மணி, நாலு மணிக்கெல்லாம் இங்க என்ன நடக்கும்?"

"அப்பத்தான் சார் டங் டங் டங்னு தட்டுவாங்க. நீங்க ஸ்டாப் பண்ணிட்டீங்களே."

சந்தோஷ்குமாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராக்கம்மா மேலேயிருந்து டேங்க் மட்டத்தைப் பார்த்துத் தட்டுகிறாள். மாடசாமி கீழே மோட்டாரை நிறுத்துகிறார். அது தப்பு அல்ல. அது ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு. அவன் தெரியாமல் அதைக் கழற்றிவிட்டான்.

"ஆனா சார்" என்று சுதாராணி நோட்டை எட்டிப் பார்த்தாள், "மோட்டார் ஒன்பதரைக்கே நின்னுருச்சே. தட்டுறது பத்து மணிக்குத்தான?"

"எழுதும்போது ரவுண்டா போட்டிருப்பாரு."

அவன் பாய்லர் ஷெட்டுக்கு ஓடினான். "ராக்கம்மா, நாளைலருந்து பழையபடியே தட்டுங்க. பத்து, ஒண்ணு, நாலு."

ராக்கம்மா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். "நெசமாவா தொரை?"

"நெசமாத்தான். முக்கியமான வேல அது. ஒரு நாள் விடக் கூடாது."

"காலைல அஞ்சரைக்கு?"

"ஏழாம் நம்பர் ரூம் இருக்கே."

"ஸ்பேனர்ல துணியச் சுத்திக்கிட்டு மெதுவாத் தட்டுறேன் தொரை. ஆரு காதுலயும் விழாது. விழ வேண்டிய காதுல மட்டும் விழும்."

அவன் சம்மதித்தான். சாயங்காலத்துக்குள் பழைய மூன்று எச்.பி. மோட்டாரை மாடசாமியே மறுபடி மாட்டினார். அட்டவணை கிழிக்கப்பட்டது. அவர் அன்றைக்குத் தீப்பெட்டி கேட்டு ஒருமுறைகூட மேலே வரவில்லை.

இரவெல்லாம் ஊறிய தொட்டி சனிக்கிழமை காலை விளிம்பு தொட்டது. கரூர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேரும் குளித்தார்கள். அறுபது வயது மாப்பிள்ளை ஈரத்தலையோடு ஆபீசுக்கே வந்து, "எளனி மாதிரி இருக்கு தம்பி தண்ணி. ரெண்டாவது தடவையும் குளிச்சுட்டேன்" என்றார். ஏழாம் அறையில் தங்கியிருந்த மணப்பெண்ணம்மா மட்டும் சுவருக்குள் ஏதோ தட்டுகிறது என்று விசாரித்தார்.

"அது மோட்டார் சிக்னல்ங்கம்மா" என்றான் சந்தோஷ்குமார்.

"அப்படியா" என்றார் அந்த அம்மாள். "கேட்டுப் பழக்கமான சத்தமா இருந்துச்சு, அதான்."

அடுத்த வாரம் முழுக்க அவன் எழுதினான். இன்ன வேலையை இன்ன மாதிரி செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் காகிதத்துக்கு எஸ்.ஓ.பி. என்று பெயர். இது எஸ்.ஓ.பி. எண் பதினாலு: 'இரும்புக் குழாய் வழி ஒலிச் சமிக்ஞையால் மோட்டாரை நிறுத்தும் முறை.' பன்னிரண்டு பக்கம், இரண்டு வரைபடம். தட்டலின் எண்ணிக்கை மூன்று, இடைவெளி ஒரு விநாடி, கருவி பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர். மூன்றாம் பத்தி: பொறுப்பாளர் விடுப்பிலிருந்தால் மேனேஜரே தட்ட வேண்டும். சிவராமன் அதைப் படித்துவிட்டு, "நம்ம காட்டேஜுல இம்புட்டு டெக்னாலஜி இருக்கா?" என்று கேட்டார். மே முப்பத்தொன்றாம் தேதி உறுதிக் கடிதமும் குவார்ட்டர்ஸ் சாவியும் வந்தன.

சுசித்ரா இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை ராக்கம்மா லீவு. பேத்திக்குப் பழனியில் மொட்டை. மகள் வீட்டாரோடு முதல் நாளே போய்விட்டாள். மாடசாமிக்கு லீவு கிடையாது, சீசன்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்தோஷ்குமார் ஆபீசை விட்டு நழுவினான். கிச்சன் டப்பா மேஜையில் அப்படியே இருந்தது. சுதாராணி பார்க்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பாய்லர் ஷெட்டுக்குள் நுழைந்தான். ஸ்பேனரை எடுத்தான். யாரும் இல்லாத இடத்தில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டான். தட்டினான். டங். டங். டங்.

ஒன்றும் கேட்கவில்லை. குழாயில் காதை வைத்தான். சில்லென்று இருந்தது. பிறகு எங்கோ மலைக்கு அடியிலிருந்து வருவது போல, டங். டங். டங்.

அவனுக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. நோட்டில் 'மோட்டார் நிறுத்தம், 1.00' என்று எழுதினான். ஸ்பேனரைத் துடைத்தபடி அங்கேயே நின்றவனுக்குப் பத்து நிமிடம் கழித்துப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாடசாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி வந்து, மூச்சு வாங்க ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ராக்கு வந்துருச்சா சார்? நாளைக்குத்தான வரும்னுச்சு?"

"இல்லையே. நான்தான் தட்டுனேன்."

"நீங்களா?"

"மோட்டார நிப்பாட்ட. எஸ்.ஓ.பி. பதினாலு."

மாடசாமி அவனைப் பார்த்தார். காய்ச்சல்கார ஆளைப் பார்க்கிற மாதிரி கனிவாகப் பார்த்தார். "மோட்டாரு ஓடிக்கிட்டிருந்தா நீங்க தட்டுறது எனக்கு எப்பிடி சார் கேக்கும்? பக்கத்துல இடி விழுந்தாலே கேக்காதே."

 பன்னிரண்டு பக்கமும் இரண்டு வரைபடமும் சந்தோஷ்குமாரின் கண் முன்னால் வரிசையாகப் போயின.

"அப்ப மோட்டார எப்ப நிப்பாட்டுவீங்க?"

"அர மணி முன்னாடியே நிப்பாட்டிருவேன் சார். அது எப்பத் தட்டும்னு தெரியாதுல்ல. வெறகு தள்ளணும், சாம்பல அள்ளணும், முன்னப்பின்ன ஆகும். தட்டி, நமக்குக் கேக்காமப் போயிட்டா? அதான், வெரசா நிப்பாட்டிட்டுக் குழாய்கிட்டயே ஒக்காந்திருப்பேன்."

"தட்டி என்ன சொல்லும்?"

மாடசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றும் இல்லை. "பத்து மணின்னா டீ குடிச்சியான்னு. ஒரு மணின்னா சாப்டியான்னு."

"நீங்க?"

"சாப்டேம்பேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

"பதில் மாறுனதே இல்லையா?"

"எப்பிடி சார் மாறும்? சாப்டலைன்னாலும் சாப்டேன்னுதான் தட்டுவேன். அது கேட்டுச்சுல்ல, அது போதும்." படியிறங்கத் திரும்பியவர் நின்றார். "இன்னிக்குத் தட்டாதுன்னு தெரியும். இருந்தாலும் கை தன்னால சுவிச்ச அணைச்சிருச்சு. பாத்தா, சத்தம் வருது. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு."

அவர் இறங்கிப் போனார். சந்தோஷ்குமார் ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினான். நோட்டில் எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டான். ஷெட்டை விட்டு வெளியே வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பேரிமரத்தடிக்குப் போய்ப் போனை எடுத்தான். மணி ஒன்று இருபது.

"சொல்லுங்க" என்றாள் சுசித்ரா.

"சாப்டியா?"

 கன்னிவாடியில் பாப்பா எதையோ தரையில் தட்டுவது கேட்டது.

"என்னாச்சு? மறுபடியும் மோட்டார் எரிஞ்சிருச்சா?"

"இல்ல. ஒண்ணும் ஆகல. சும்மாத்தான் கேட்டேன்."

 மேகம் ஒன்று மரத்துக்குள் புகுந்து வெளியே போனது.

"சாப்டேன்" என்றாள் அவள். குரல் சற்றுத் தணிந்திருந்தது. "வெள்ளிக்கிழம பாப்பாவத் தூக்கிக்கிட்டு வரேன். அப்பா பஸ் ஏத்தி விடுறேன்னாரு. நீங்க சாப்டீங்களா?"

"சாப்டேன்" என்றான் சந்தோஷ்குமார்.

"இன்னும் டப்பாவே தொறக்கலன்னு இப்பத்தான சொன்னா சுதாராணி. தெனமும் ஒரு மணிக்கு அந்தப் பிள்ள எங்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தான இருக்கு."